குடை உச்சியில் ஒற்றைப் புரி

துவரை மிளாறு எரிகிற நெடி வந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். இன்று காலையும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ நெல் அவிக்க அடுப்பு மூட்டியிருந்தார்கள். காய்ந்த மிளாறு படபடவென்று வெடித்தது. மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்திருக்க வேண்டும். அந்த நெடி சன்னல் வழியாக வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பி நிறுத்தியது. கையில் பாதி தைத்த பள்ளிக்கூடப் பாவாடை. கால் எங்கேயோ கிளம்பிவிட்டது.

கிளம்பி எங்கே போவது? வாசல் வரை போனேன். திரும்பினேன். மறுபடி போனேன். நாற்பதைத் தாண்டிய பொம்பளை இப்படி நடந்துகொண்டிருந்தால் தெருவில் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும்.

போன வாரம் எதிர்வீட்டு ஜோசப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். ஏரோப்பிளேனிலிருந்து பாராசூட்டில் குதிக்கிற படையில் இருக்கிறானாம். சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான். வானம் முழுக்கக் காளான் முளைத்த மாதிரி இருந்தது.

"அத்தே, நீங்க அந்தக் காலத்துல மேல போயிக் குதிச்சீங்கன்னு ஊருல சொல்றாங்க. நெசந்தாங்களா? எனக்கு நம்பிக்கை வரலைங்க."

"வர வேணாம். நீ நம்புவேன்னு நான் குதிக்கல."

சிரித்தான். பிறகு அவனுடைய வேலையைச் சொன்னான். முதுகில் மூட்டை, மூட்டைக்குள் குடை, கதவோரம் வரிசை, பின்னால் ஒரு தட்டு. கேட்டுக்கொண்டே பொத்தான் தைத்தேன். கடைசியாக அவன் சொன்ன ஒன்றில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

"மடிச்சவரு ஒரு சீட்டுல பேரு எழுதிக் கையெழுத்துப் போடணுங்க அத்தே. அது இல்லாத குடைய நாங்க தொடவே மாட்டோம்."

எங்களிடம் சீட்டு இல்லை. வாய் இருந்தது. வாயால்தான் பெயர் சொன்னோம். அதை எழுதிவையுங்கள், எங்கள் பசங்களிடம் காட்டுகிறேன் என்று அவன் கேட்டுவிட்டுப் போனான். இதோ எழுதுகிறேன். பாவாடை காத்திருக்கட்டும்.

நான் புகைக்கூண்டு ஆள். விமானம் ஏறினதில்லை. தரையில் குழி வெட்டி, அதில் தீ மூட்டி, அந்தப் புகையை முப்பது முழ உயரத் துணிப்பைக்குள் ஏற்றி, அந்தப் பையில் தொங்கி மேலே போய், அங்கிருந்து குடையோடு குதிக்கிற தொழில். கம்பெனி என்று சொல்லிக்கொள்வோம். ஒரு கட்டைவண்டி, கூண்டு என்று நாங்கள் சொல்கிற அந்தத் துணிப்பை, ஒரு குடை, மூன்று பேர். அதுதான் கம்பெனி.

முதலாளி ருக்மாபாய். கோலார் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். சர்க்கஸில் பார் ஆடிவிட்டு, இந்தக் கூண்டை அதன் பழைய சொந்தக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஆனால் அவர் விசிலை வாயில் வைத்தால் கிழவர்களும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். தீயும் முடிச்சும் மாதையனுடைய வேலை. வத்தல்மலைக்காரர். மலையில் காடு எரித்துச் சாமை விதைக்கிற குடும்பம். எந்த விறகு எப்படிப் புகையும், எந்தக் காற்றுக்குத் தீ எந்தப் பக்கம் படுக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பிறந்தபோதே தெரியும். "மேல போறவங்க யாரா இருந்தாலும் எம் புகையிலதான் போவணும்" என்பார். அதைத் தவிர அதிகம் பேசமாட்டார்.

நான் எப்படிச் சேர்ந்தேன் என்றால், காரிமங்கலம் சந்தையில் கூண்டு கிழிந்தது. கன்னியாஸ்திரீகள் மடத்தில் தையல் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, என்னைக் கூப்பிட்டார்கள். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். ருக்மாக்கா தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "வர்றியா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணமான மறு வருஷமே புருஷன் காலராவில் போய்விட்டார். அம்மா வீட்டுக் கேழ்வரகுக் கொல்லையில் நின்று, மேலே போகிற பருந்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துக்கொண்டிருந்த எனக்கு, வருகிறாயா என்று கேட்ட முதல் ஆள் ருக்மாக்கா. எங்கே என்றுகூட நான் கேட்கவில்லை.

அம்மா தடுக்கவில்லை. தன் கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றி என் கழுத்தில் போட்டது. கார்மேல் மாதாவின் உத்தரியம். தீப்பெட்டி அளவில் இரண்டு கம்பளித் துண்டுகள், அவற்றைச் சேர்க்கும் கயிறு. பழைய கயிறு இற்றுப்போனதால் அம்மா முறுக்குப் பட்டு நூலில் புதுக் கயிறு திரித்துக் கோத்திருந்தது. "மண்ணுல மட்டும் வுழ வுடாதே" என்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் தையல் மட்டும். இரண்டாம் வருஷம் மாமரக் கிளையிலிருந்து குதித்தேன், பிறகு பாறையிலிருந்து, பிறகு ஓடுகிற வண்டியிலிருந்து. விழும்போது முழங்காலை ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் உருளப் பழகினேன். அதற்குள் சிராய்ப்பு இல்லாத இடம் உடம்பில் இல்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சொல்ல வேண்டியது கூண்டு ஏற்றும் முறையைத்தான்.

பத்து முழ நீளத்துக்கு வாய்க்கால் மாதிரிக் குழி. மேலே தகரம், தகரத்தின் மேல் ஈரமண். ஒரு முனையில் துவரை மிளாறும் மண்ணெண்ணெயும் போட்டுத் தீ, மறு முனையில் அடி எடுத்த தகர டின்களை அடுக்கிய புகைபோக்கி. இரண்டு மூங்கில் கம்பத்துக்கு நடுவில் கூண்டைத் தொங்கவிட்டு, அதன் வாயைப் புகைபோக்கி மேல் கவிழ்ப்போம். வாயில் ஒரு மூங்கில் வளையம். ஊர் ஆட்கள் முப்பது பேர் சுற்றி நின்று கயிறு பிடிப்பார்கள். துணி முதலில் வயதான மாடு மாதிரி அசைந்துகொண்டே எழுந்திருக்கும். பிறகு வயிறு. பிறகு தோள். பிறகு திமிறும். பிடிக்கிறவர்கள் குதிகால் தேய நகர்வார்கள். அப்போது வருகிற அந்த நெடியில்தான் என் கால் இன்றைக்கும் அரிக்கிறது.

வளையத்திலிருந்து இரண்டு கயிற்றில் ஓர் ஊஞ்சல் கட்டை. குதிக்கிறவர் அதில் உட்கார வேண்டும். குடை பக்கத்தில் சுருங்கித் தொங்கும். அதன் கீழ்க் கயிறுகள் குதிக்கிறவரின் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும். அதன் உச்சி வளையத்தில் கட்டியிருக்கும். எல்லாம் அந்த உச்சியில்தான் இருக்கிறது. கட்டையிலிருந்து குதித்தால் உடம்பின் கனத்தில் குடை நீளும், உச்சிக் கட்டு அறும், குடை விரியும். கட்டு முன்னாலேயே அறுந்துவிட்டால் குடை பாதி வழியில் கழன்று சிக்கிக்கொள்ளும். அறாமலே நின்றால் மனுஷி கூண்டின் கீழே வௌவால் மாதிரித் தொங்க வேண்டியதுதான். குடையைத் தாங்கணும், ஆளைத் தாங்கக்கூடாது. அதற்கு மூன்று புரிச் சணலைப் பிரித்து ஒரே ஒரு புரி. ஈரக்காற்றில் சணல் மாறும் என்று ஒவ்வொரு ஊரிலும் அதே சணலில் ஒரு புரியை எடுத்து அரை மூட்டைக் கேழ்வரகைத் தொங்கவிட்டுப் பார்ப்பார் ருக்மாக்கா. அறுந்தால்தான் ஆட்டம்.

மாதையன் கட்டி முடித்ததும் ருக்மாக்கா கட்டை அருகே வந்து நிற்பார். கூட்டம் எவ்வளவு கூச்சல் போட்டாலும் அவசரப்படமாட்டார்.

"எத்தனை புரி?"

"ஒத்தப் புரி."

"கட்டுனது யாரு?"

"மாதையன்."

சத்தமாகச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் மறுபடி முதலிலிருந்து கேட்பார். பெயரைச் சொன்ன பிறகு அந்த முடிச்சை யாரும் தொடக்கூடாது, கட்டினவரும் தொடக்கூடாது. தொட்டால் அவிழ்த்து, புதுப் புரி எடுத்து, மறுபடி பெயர். "பேரு சொன்னதுக்கப்புறம் அது அவனுது. நம்முது இல்ல" என்பார். தையல் பார்த்த எனக்கும் கேள்வி உண்டு. "கிழிசல் பாத்தது யாரு?" "சவரியம்மா." முதல் தடவை அத்தனை பேர் முன்னால் என் பெயரை நானே கத்தினபோது வெட்கமாக இருந்தது. அதற்கு முன் என் பெயரை யாரோதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் முதலில் மேலே போனது அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், அறுப்பு முடிந்த சோளக் கொல்லையில். விசில். முப்பது பேரும் கைவிட்டார்கள். வயிறு கீழேயே நின்றுவிட்டது, மற்றதெல்லாம் போயிற்று.

பயமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சத்தம் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். குறையவில்லை. மேலே போகப் போகப் பூமியின் சத்தம் சுத்தமாகிறது. ஓர் உலக்கை. ஒரு நாய். யாரோ ஒரு பொம்பளை "ஏய் கருப்பி, எங்கடி போனே" என்று ஆட்டைத் தேடுகிறாள். அது என் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. காற்றோடு நானும் போவதால் காற்றே இல்லை. ஊர் ஒரு முறம் அளவு. ஏரி ஒரு சொம்பில் மிச்சமிருக்கிற தண்ணீர். என் அம்மா, நான் இழந்த தாலி, என் கேழ்வரகுக் கொல்லை, எல்லாவற்றையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். மூடிப் பார்த்தேன். மூடியது.

கீழே விசில் கேட்டது. கட்டையிலிருந்து நழுவினேன். மூன்று நெஞ்சடிப்பு. மேலே சணல் அறுகிற "டக்". அந்த டக் என்ற சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தைக் கோயில் பாட்டிலும் நான் கேட்டதில்லை. குடை விரிந்து தோளை இழுத்தது. பாரம் போன கூண்டு தலைகீழாகப் புரண்டு கரும்புகையைக் கக்கியது. நான் ஆடி ஆடி வந்து, கொல்லை ஓரத்துக் கள்ளி வேலிக்கு ஒரு முழம் தள்ளி உருண்டேன்.

சந்தைக்காரி ஒருத்தி ஓடிவந்து என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ருக்மாக்காவிடம் கேட்டாள்: "ஏம்மா, மேல சாமி இருந்துச்சா?"

"இருந்தாரு. உன்னயத்தான் விசாரிச்சாரு. எப்ப வருவேன்னு."

"அய்யய்யோ, நான் எதுக்குங்க!" என்று அவள் ஓடின ஓட்டத்துக்குக் கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மறுபடி எப்போது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு. சோறு தின்னும்போதும் கால் ஆடியது. ஆனால் ஆட்டம் பத்தில் ஒன்பது ருக்மாக்காவுடையது. அவர் முதலாளி. அவர் களைத்தால்தான் எனக்கு. அவர் களைக்கவே மாட்டார்.

இப்போது தீர்த்தமலை.

மாசித் திருவிழா. மலை ஏறி இறங்கிய சனம் அடிவாரத்தில் நிறைந்திருந்தது. ருக்மாக்காவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கண் சிவந்திருந்தது. "நான் போறேன் அக்கா" என்றேன். "சும்மா இரு. காய்ச்சல் மேல வராது, கீழயே நின்னுக்கும்." காற்று மலைப்பக்கம் அடித்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் உத்தரியத்தைக் கழற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "பேடா, பேடா. வேணாம். மேல போறப்ப கழுத்துல ஒண்ணும் கூடாது, கயிறு மாட்டும்" என்று தள்ளிவிட்டார்.

மாதையன் கட்டினார். அரை மூட்டைக்குப் புரி அறுந்தது. கேள்வி நடந்தது. ஒத்தப் புரி. மாதையன். அவர் தீயைப் பார்க்கக் குழிக்குப் போனார். ருக்மாக்கா இடுப்புப் பட்டையை இறுக்கக் குனிந்தார். நான் கடைசித் தையலைப் பார்க்க ஏணியில் வளையத்தடியில் நின்றேன். என் கண் முன்னால் அந்த ஒற்றைப் புரி. இவ்வளவு மெலிசாக. ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.

உத்தரியத்தை எடுத்து அந்தக் கட்டின் மேல் வைத்தேன். கழுத்தில் போடமாட்டேன் என்றால் தலைக்கு மேலே இருக்கட்டும், மாதா பார்த்துக்கொள்வாள் என்று. வைத்தால் காற்றில் விழுந்துவிடும். மண்ணில் விழ விடாதே என்று அம்மா சொன்னது. அதனால் பட்டுக் கயிற்றை வளையத்தையும் குடை உச்சியையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூன்று முடிச்சுப் போட்டேன். நன்றாக, மடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி. இறங்கினேன்.

ஆளைத் தாங்கக்கூடாத கட்டு அது. எனக்குத் தெரியாதா? தெரியும். அரை மூட்டைக் கேழ்வரகை எத்தனை ஊரில் நானே தூக்கிக் கட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் என் கை சணல் கட்டவில்லை, சாமி பொருளைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தது. இரண்டும் வேறு வேறு கை மாதிரி இருந்தன.

விசில். கூண்டு போனது. உயரத்தில் ருக்மாக்கா கட்டையிலிருந்து நழுவியதைப் பார்த்தேன். டக் கேட்கவில்லை. குடை நீண்ட துணிச்சுருளாக நீட்டி நின்றது. அதன் நுனியில் அவர். எட்டாத உயரத்தில் கட்டை காலியாக ஆடியது. கூண்டு மெதுவாக மலையை நோக்கி நகர்ந்தது.

அறுக்க வேண்டும் என்று அவர் உடம்பை உதறினார். ஊஞ்சல் மாதிரி வீசி வீசி ஆடினார். கீழே கூட்டம் கைதட்டியது. "ஆகா, பாருங்கடா, என்னா வித்தை!" எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் துண்டைச் சுழற்றினார். மாதையன் மட்டும் குழியிலிருந்து எழுந்து, கரி படிந்த கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார்.

புகை ஆறிக் கூண்டு இறங்கத் தொடங்கியது. பாறைக்கு மேலே மூன்று பனை உயரத்தில் கடைசி உதறலில் கட்டு அறுந்தது. குடை பாதிதான் விரிந்தது.

நான்தான் முதலில் ஓடிச் சேர்ந்தேன். உயிர் இருந்தது. வலது தொடை இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. "அக்கா" என்றேன். "குடையப் பாரு, கிழிஞ்சிச்சா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. குடை கிழியவில்லை. அதன் உச்சியில் உத்தரியம் தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணில் விழவில்லை. ஆட்கள் வருவதற்குள் அதைப் பிய்த்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பகலில் புளியமரத்தடிக் கட்டிலில் ருக்மாக்கா. காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. மாதையன் எதிரில் நின்றார். நான் கஞ்சி டம்ளரோடு நின்றேன்.

"எத்தனை புரி?"

"ஒத்தப் புரிங்க."

"ஒத்தப் புரி ஆளைத் தாங்குமா?"

"தாங்காதுங்க."

"கட்டுனது யாரு?"

மாதையன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, சந்தேகம் அவருக்கு யார் மேலும் இல்லை. தன் கை மேல்தான். "மாதையன்" என்றார்.

"அப்ப நீ போயிரு."

அவர் தகர டின் ஒன்றையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போனார். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும், நான்கு வார்த்தை. திறக்கவில்லை. பயம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. ருக்மாக்கா இனிக் குதிக்க முடியாது. குதிக்க வேறு ஆள் நான் ஒருத்திதான். சொன்னால் என்னையும் அனுப்பிவிடுவார். வானம் போய்விடும்.

ஊருக்குப் போனபோது சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் ஜெபம் சொல்லச் சொல்லி மன்னித்தார். மன்னிப்பு எனக்குக் கிடைத்தது. வத்தல்மலையில் இருக்கிறவருக்கு அது போய்ச் சேரவில்லையே.

அதன்பின் ஏழு வருஷம் குதித்தேன். ருக்மாக்கா கைத்தடியோடு தரையில் விசில் ஊதினார். தீ மூட்டப் பல பேர் வந்து போனார்கள். உச்சிக் கட்டை நானே கட்டினேன். "எத்தனை புரி?" "ஒத்தப் புரி." "கட்டுனது யாரு?" "சவரியம்மா." ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரைச் சொல்லும்போது தொண்டையில் ஒரு மீன்முள். ஆனால் விசில் ஊதியதும் முள் கீழேயே நின்றுவிடும். அதுதான் வெட்கம். சந்தோஷமாக இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம். பழகப் பழகக் கண் திறந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் குதித்தால் என் குடையின் நிழல் கொல்லை கொல்லையாகத் தாண்டி என்னைச் சந்திக்க ஓடிவரும். ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் குடை அந்தப் பக்கம் சரியும் என்று யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தேன். அரூரில் வைக்கோல் போர் மேல் பார்த்து இறங்கினேன். மழைக்கு முன்னால் ஒரு நாள் பொம்மிடி பக்கம் காற்று என்னைக் கீழே விடவே இல்லை. அரைக்கால் நாழிகை அப்படியே நின்றேன், விழாமல், ஏறாமல். கொக்குக் கூட்டம் ஒன்று என் காலுக்குக் கீழே போயிற்று. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காற்றைக் கெஞ்சினேன். இறங்கியதும் தரை எனக்குக் கசந்தது.

பிறகு யுத்தம். மண்ணெண்ணெய் ரேஷனுக்குப் போனது. கூண்டுக்கு வேண்டிய காடாத்துணி கண்ணில் படவில்லை. மேலே எது பறந்தாலும் சனம் பதறியது. ஓர் ஊரில் அதிகாரி ஒருவர் வண்டியிலிருந்து இறங்காமலேயே சொன்னார்: "யாரைக் கேட்டுப் பறக்குறீங்க? நிறுத்துங்க." ருக்மாக்கா கூண்டை மடித்தார். கோலார் பக்கம் அவர் தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று.

மொரப்பூர் ஸ்டேஷன். பகல் வெயில். அவரை ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்து, கைத்தடியை நீட்டினேன். வண்டி எடுக்க நேரமிருந்தது. இனிச் சொன்னாலும் பறிபோவதற்கு வானம் இல்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"அக்கா, தீர்த்தமலையில மாதையண்ணன் ஒத்தப் புரிதான் கட்டுனாரு. அதுக்கு மேல நான் உத்தரியத்தைச் சுத்திக் கட்டுனேன். பேரு சொன்னதுக்கப்புறம்."

அவர் என்னையே பார்த்தார். தண்டவாளத்தில் ஒரு காக்கை. பிறகு சன்னல் வழியே கைத்தடியை நீட்டி என் தோளில் ஓங்கி ஒரு அடி. வலித்தது. நன்றாக வலித்தது.

"எதுக்கு என்கிட்ட சொல்றே?" என்றார். "காலு என்னுது. அது போச்சு, வுடு. முடிச்சு அவனுது. நான் பிடுங்கி வெச்சிக்கிட்டேன். நீ பாத்துக்கிட்டு நின்னே. போயி அவன்கிட்ட குடு."

வண்டி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே வத்தல்மலை ஏறினேன். ஒற்றையடிப் பாதை. கால் பழகின கால், ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் உட்காரச் சொல்லியது. மாதையன் வீட்டு முற்றத்தில் அவர் சம்சாரம் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மாதையன் பக்கத்தில் கன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "வாம்மா சவரி, வா" என்றார். அதில் வஞ்சம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இவரு ஒரு முடிச்சுப் போட மாட்டாருங்க" என்று அவர் சம்சாரம் சிரித்தார். "கட்டுத்தறி, மூட்டை, ஏரு, எல்லாம் நாந்தான். கயித்தைக் கண்டா வூட்டுக்குள்ள போயிருவாரு. என்னா மனுசனோ."

மாதையன் சிரிக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். முழுசாக. உத்தரியத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அந்தப் பட்டுக் கயிற்றை வெளிச்சத்தில் பிடித்து, நுனியைப் பிரித்து, விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை சுத்து?"

"ரெண்டு."

"முடிச்சு?"

"மூணு."

"பட்டு," என்றார். "பட்டு லேசுல எங்க அறும்." பிறகு குரல் உயர்ந்தது. "ஏழு வருசம். தெரியுமா உனக்கு? தூங்கறப்பகூட இந்தக் கையி சணலைப் பிரிக்கும். ஒண்ணுதான் எடுத்தனா, ரெண்டு வந்துருச்சா, ஒண்ணா, ரெண்டா... இந்தக் கைய வெட்டிப் போட்டுறலாம்னு அருவா வரைக்கும் போயிருக்கறேன். அன்னிக்கே வாயத் தொறந்து ஏன் சொல்லல நீ?"

பொய் சொல்ல எவ்வளவோ இடம் இருந்தது. "சொல்லியிருந்தா என்னையும் அனுப்பியிருப்பாங்க. மேல போவ முடியாம போயிருக்கும்."

அவர் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே கீழே பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் தர்மபுரிச் சமவெளி முழுக்கத் தெரியும், கூண்டிலிருந்து தெரிகிற மாதிரியே.

"நல்லா இருந்துச்சா, மேல?" என்றார்.

"நல்லா இருந்துச்சுண்ணா."

உம் என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு தரம் காறித் துப்பிவிட்டு, "ராகிக் களி இருக்குது, தின்னுட்டுப் போ" என்றார். தின்றேன். தொண்டையில் இறங்கியது.

கிளம்பும்போது அவர் சம்சாரம் இரண்டு படி சாமையைப் பையில் போட்டு, கட்டுவதற்குச் சணலை எடுத்தார். மாதையன் எழுந்துபோய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாதையன் மூன்று புரியையும் மெதுவாகப் பிரித்தார். இரண்டைக் கீழே போட்டார். பையின் வாயைச் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். என் தலையில் ஏற்றிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார், முன்பு நிற்கிற மாதிரியே.

நான் போகவில்லை. ருக்மாக்கா இடத்தில் அப்போது நான்தான் இருந்தேன்.

"எத்தனை புரி?"

"ஒத்தப் புரி."

"கட்டுனது யாரு?"

முதல் தடவை சத்தம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து கேட்டேன். எத்தனை புரி. ஒத்தப் புரி. கட்டுனது யாரு.

மலை திரும்பச் சொல்கிற அளவுக்குக் கத்தினார்:

"மாதையன்!"